மவுஸ் செத்த ஞாயிறும் டேப் கீயின் கதையும்

டிஸ்கி: நான் கம்ப்யூட்டர் படித்தவன் இல்லை. பி.காம். முடித்து வங்கியில் ஆணி பிடுங்குகிறவன். மென்பொருள் நண்பர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளவும். பதிவு நீளம், காபியோடு உட்காரவும்.

போன ஞாயிற்றுக்கிழமை காலை. மயூர் விஹார் வீட்டில் மகள் பழைய டெஸ்க்டாப்பில் ஒரு நுழைவுத் தேர்வுக்கு விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருந்தாள். திடீரென்று ஒரு கூக்குரல்.

"அப்பா, மவுஸ் செத்துப் போச்சு! இன்னைக்குதான் கடைசி நாள். கடை பதினோரு மணிக்குத்தான் திறப்பான்!"

"மவுஸ்தானேம்மா செத்தது? கீபோர்ட் உசிரோட இருக்கே" என்று கெத்தாகப் போய் உட்கார்ந்தேன். டேப், டேப், டேப். பெயர், பிறந்த தேதி, முகவரி என்று ஒவ்வொரு கட்டமாக நகர்ந்தது. ஷிஃப்ட்டைப் பிடித்துக்கொண்டு டேப் அடித்தால் பின்னால் போனது. ஸ்பேஸ் பாரைத் தட்டினால் சின்னக் கட்டத்தில் டிக் விழுந்தது. மகள் என்னை மந்திரவாதியைப் பார்ப்பது போலப் பார்த்தாள். தங்கமணிகூட சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

பெருமை ஐந்து நிமிடம்கூட நிலைக்கவில்லை. பக்கத்தின் தலையில் நான்கு தலைப்புகள், கோப்பு அட்டைகளின் காது மாதிரி நீட்டிக்கொண்டு நின்றன: சொந்த விவரம், கல்வி, ஆவணங்கள், கட்டணம். இவற்றையும் டேப் என்றுதான் சொல்கிறார்கள். டேப் கீயை எத்தனை முறை அடித்தாலும் இந்த டேப்களில் ஒன்றின்மேலும் அது நிற்கவே இல்லை. தாண்டித் தாண்டிப் போனது. "தொடர்க" என்ற பொத்தானுக்கும் அதே கதி. கடைசியில் பக்கத்து ஃபிளாட் பெங்காலி தாதாவிடம் மவுஸ் கடன் வாங்கி வேலையை முடித்தோம்.

"சின்ன விஷயம்தானேப்பா, விடுங்க" என்றாள் மகள்.

என்னால் விட முடியவில்லை. காரணம், ஏறக்குறைய இதே மாதிரி ஒரு பக்கத்துக்கு ஒரு காலத்தில் நானே "எல்லாம் சரி" என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். அதைச் சொல்வதற்கு முன் கொஞ்சம் கொசுவர்த்தி சுற்ற வேண்டும்.

* * *

கும்பகோணத்தில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் போனவர்கள் கை தூக்குங்கள். ஏ எஸ் டி எஃப் ஜி எஃப், செமிகோலன் எல் கே ஜே எச் ஜே. தலை குனிந்து எழுத்தைத் தேடினால் மாஸ்டரின் ஸ்கேல் வரும். கண் தாளில், விரல் மெஷினில். பார்க்காமல் அடிப்பதுதான் டைப்ரைட்டிங் என்பது அங்கே முதல் பாடம். இன்றும் உங்கள் கீபோர்டில் எஃப், ஜே இரண்டிலும் ஒரு சின்ன மேடு இருக்கும், தடவிப் பாருங்கள். கண்ணால் பார்க்காமலே விரலுக்கு வீடு தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் அது.

லோயர் தேர்வில் ஸ்டேட்மென்ட் என்று ஒன்று வரும். பத்தி பத்தியாகக் கணக்கு அட்டவணை. ஒவ்வொரு பத்தியும் எங்கே தொடங்க வேண்டும் என்று முன்கூட்டியே நிறுத்தம் வைத்துவிட்டால், ஒரு விசையை அழுத்தியதும் வண்டி நேராக அந்த இடத்துக்கு ஓடி நிற்கும். அந்த விசையின் பெயர் டேபுலேட்டர். டேபிள், அதாவது அட்டவணை போடும் விசை. அதன் சுருக்கம்தான் டேப். ஆக, நம் கீபோர்டின் இடது ஓரத்தில் இருக்கும் அந்த விசை கணக்கு எழுதுகிறவர்களுக்காகப் பிறந்தது. பி.காம். காரனாக இதில் எனக்கு ஒரு பங்காளி உரிமை உண்டு!

இன்னும் பின்னால் போனால் ஒரு ஆச்சரியம் காத்திருக்கிறது. இத்தாலியில் பெல்லெக்ரினோ துர்ரி என்பவர் 1800-களின் தொடக்கத்தில் ஒரு எழுதும் இயந்திரம் செய்தார். யாருக்காக? கரோலினா ஃபான்டோனி என்ற சீமாட்டிக்காக. அந்தப் பெண்ணுக்குப் பார்வை இல்லை. அடுத்தவர் துணையின்றித் தானே கடிதம் எழுத வேண்டும் என்பதற்காகச் செய்யப்பட்ட இயந்திரம் அது. 1808-இலிருந்து அதில் அடித்த கடிதங்கள் சில இன்னும் இருக்கின்றன. நமக்குத் தெரிந்த மிகப் பழைய டைப்ரைட்டர்களில் ஒன்று பார்வையற்ற ஒருவருக்காகச் செய்யப்பட்டது.

பின்னால் வந்த ஐ.பி.எம்.மின் 3270 என்ற டெர்மினலில் (1971) டேப் விசைக்குப் புது வேலை கிடைத்தது. தாளில் பத்தி விட்டுப் பத்தி ஓடியது, திரையில் கட்டம் விட்டுக் கட்டம் ஓட ஆரம்பித்தது. இன்று வரை அதே வேலைதான்.

நம் ஊர் வங்கிகளுக்குக் கம்ப்யூட்டர் வந்தது ரங்கராஜன் கமிட்டியின் 1984 அறிக்கைக்குப் பிறகு. முதலில் லெட்ஜர் போஸ்டிங் மெஷின்கள், அப்புறம் முழுக் கிளைக்கும் கம்ப்யூட்டர், 2000-களில் கோர் பேங்கிங். நான் 2003-இல் சேர்ந்தபோது எங்கள் திரையில் படமும் இல்லை, மவுஸுக்கு வேலையும் இல்லை. கருப்புத் திரை, வெளிர் எழுத்து. மெனு எண்ணை அடி, என்டர், கணக்கு எண், டேப், தொகை, டேப், என்டர். கூட்டம் அலைமோதும் முதல் தேதியில் சீனியர் கிளார்க்குகளின் விரல்கள் பேயாட்டம் ஆடும். டாலி மென்பொருளில் கணக்கு எழுதுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். அவர்கள் மவுஸைத் தொட்டால் வேகம் குறைந்துவிடும் என்று தொடவே மாட்டார்கள். அதே ஜாதிதான் நாங்களும்.

* * *

2008-இல் எனக்கு டெல்லிக்கு மாற்றல். தெற்கு டெல்லியில் ஒரு கிளை. அங்கே டெபாசிட் சீட்டில் ஒரு நண்பர், பீகார்க்காரர், முழுக்கப் பார்வை இல்லாதவர். பெயர் வேண்டாம். என்னை "சார்ஜி" என்பார், நான் அவரை "பாய் சாப்" என்பேன். காதில் ஹெட்போன். திரையில் இருப்பதை வாய்விட்டுப் படிக்கும் மென்பொருள் அவருக்கு மட்டும் கேட்கும் வேகத்தில் பொரிந்துகொண்டே இருக்கும். எங்கள் கருப்புத் திரையில் அவருக்கு ஒரு சிரமமும் இல்லை. எந்தக் கட்டத்துக்குப் பின் எந்தக் கட்டம், எத்தனை டேப் என்று விரலுக்கு மனப்பாடம். டெபாசிட் ரசீது போடுவதில் கிளையில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. நானே தோற்றிருக்கிறேன்.

அவர் பயன்படுத்திய மென்பொருளின் பெயர் ஜாஸ். அதற்கும் ஒரு கதை உண்டு. டெட் ஹென்ட்டர் என்ற அமெரிக்கர், மோட்டார் சைக்கிள் பந்தய வீரர், 1978-இல் ஒரு கார் விபத்தில் பார்வையை இழந்தார். பிறகு கம்ப்யூட்டர் கற்று 1987-இல் ஹென்ட்டர் ஜாய்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கி இதை உருவாக்கினார். எழுத்து மட்டுமே இருந்த டாஸ் திரையை மென்பொருள் எளிதாகப் படித்துவிடும். படங்களால் ஆன விண்டோஸ் வந்ததும், அமெரிக்காவில் கம்ப்யூட்டரை நம்பி வேலையில் இருந்த பார்வையற்றவர்களுக்கு வயிற்றில் புளி கரைந்தது. திரை முழுக்கப் புள்ளிகள், அதில் எழுத்து எது, பொத்தான் எது? விண்டோஸைப் படிக்கும் ஜாஸ் வந்தது 1995-இல்.

இங்கே மவுஸைப் பற்றி ஒரு வார்த்தை. 1968-இல் டக்ளஸ் எங்கல்பார்ட் அதை உலகுக்குக் காட்டினார். 1984-இல் ஆப்பிள் மக்கின்டாஷ் வந்தபோது அதன் கீபோர்டில் அம்புக்குறி விசைகளே கிடையாது. மவுஸைத் தொட்டே ஆக வேண்டும்! ஆனால் 1987-இல் ஐ.பி.எம். வெளியிட்ட பொது விதிகள், கீபோர்டுக்கும் திரையில் எல்லா இடத்துக்கும் வழி வைத்தன. விண்டோஸும் பெரும்பாலும் அந்த வழியில்தான் நடந்தது.

மவுஸ் என்பது "அதோ அங்கே" என்று கை நீட்டுவது. நீட்டுவதற்கு முன் "அங்கே" எங்கே இருக்கிறது என்று கண் பார்த்தாக வேண்டும். டேப் என்பது "அடுத்தது, அடுத்தது" என்று வரிசையில் நகர்வது. அதற்குக் கண் வேண்டாம், வரிசை ஒழுங்காக இருந்தால் போதும்.

* * *

2010 வாக்கில் எங்களுக்குப் புது மென்பொருள் வந்தது. பிரவுசரில் திறக்கும், வண்ணமயமாக இருக்கும். அதைச் சோதித்துப் பார்த்து ஒப்புதல் தரும் குழுவில் என்னையும் போட்டார்கள். அறுபதுக்கும் மேற்பட்ட இனங்கள் கொண்ட ஒரு பட்டியல். மவுஸைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சொடுக்கினேன். எல்லாம் திறந்தது, எல்லாம் மூடியது. எல்லாவற்றுக்கும் "சரி" போட்டுக் கீழே கையெழுத்து. மவுஸை ஒரு நிமிடம் ஓரமாக வைத்துப் பார்க்கத் தோன்றவில்லை. பட்டியலில் அப்படி ஒரு வரியும் இல்லை.

மாற்றிய முதல் திங்கட்கிழமை பாய் சாப் ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்தார். மேலே இருந்த தலைப்புகள் எல்லாம் படங்கள். அவர் மென்பொருள் "கிராஃபிக், கிராஃபிக்" என்று மட்டும் சொன்னது. "சேமி" என்ற பொத்தானில் டேப் நிற்கவில்லை. தேதி போடும் காலண்டருக்குள் டேப் நுழைந்தால் வெளியே வர வழியில்லை. அன்று அவர் இந்தியில் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "சார்ஜி, பழைய வீட்டுல கதவு எங்கேன்னு கைக்குத் தெரியும். இந்தப் புது வீட்டுல கதவைச் சுவர்ல வரைஞ்சு வெச்சிருக்காங்க."

மறு வாரம் அவரை விசாரணை மேஜைக்கு மாற்றினார்கள். டெலிபோன் எடுப்பது, டோக்கன் கொடுப்பது. சம்பளத்தில் ஒரு பைசா குறையவில்லை. ஆனால் கிளையிலேயே வேகமான ஆள் ஒரே வாரத்தில் சும்மா உட்கார்ந்திருக்கும் ஆளாகிவிட்டார். யாரும் அவருக்குக் கெடுதல் நினைக்கவில்லை. நானும் நினைக்கவில்லை. கையெழுத்து மட்டும் என்னுடையது.

பிறகுதான் தேடிப் படித்தேன். வெப் பக்கங்களில் ஆரம்பத்தில் இந்தச் சிக்கல் இல்லை. லிங்க், பொத்தான், நிரப்பும் கட்டம் என்று முறைப்படி எழுதினால் பிரவுசரே டேப் வரிசையில் சேர்த்துவிடும். 1997-இன் எச்.டி.எம்.எல். 4-இல் அந்த வரிசையை மாற்றவும் வழி தந்தார்கள். 1999-இல் வந்த முதல் வெப் அணுகல் விதிகளிலேயே மவுஸை மட்டும் நம்பாதே என்பது இருந்தது. 2008 டிசம்பரில் வந்த இரண்டாம் பதிப்பு தெளிவாகவே சொன்னது: எல்லாம் கீபோர்டில் இயங்க வேண்டும், நுழைந்த இடத்திலிருந்து வெளியே வர முடிய வேண்டும், இப்போது எங்கே நிற்கிறோம் என்பது கண்ணுக்குத் தெரிய வேண்டும். எங்கள் புது மென்பொருள் வந்தபோது இந்த விதிக்கு ஒன்றரை வயது!

தவறு எங்கே நடந்தது? அழகுக்காக. முறையான பொத்தானுக்குப் பதிலாக ஒரு வெற்றுக் கட்டத்தை வரைந்து, மவுஸ் சொடுக்கினால் மட்டும் வேலை செய்யும்படி எழுதினார்கள். பார்ப்பதற்குப் பொத்தான், கீபோர்டுக்கு வெறும் சுவர். டேப் நிற்கும் இடத்தைச் சுற்றி வரும் மெல்லிய கோடும் சிலருக்கு அசிங்கமாகத் தெரிந்தது. 2007-இல் எரிக் மேயர் என்பவர் வெளியிட்ட, உலகமே எடுத்துப் பயன்படுத்திய ஒரு ஸ்டைல் தொகுப்பு அந்தக் கோட்டை நீக்கியது. பதிலுக்கு நீங்களே ஒன்று வைக்க மறக்காதீர்கள் என்று அதிலேயே குறிப்பும் இருந்தது. நீக்கியது எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது, குறிப்பு பலருக்கு மறந்துபோனது.

வெளிநாட்டில் இது கோர்ட் வரை போனது. சிட்னி ஒலிம்பிக் இணையதளத்தைப் படிக்க முடியவில்லை என்று மனித உரிமை ஆணையத்தில் புகார் செய்த புரூஸ் மகுவயர் என்ற பார்வையற்றவர் 2000-இல் வென்றார். 2006-இல் அமெரிக்காவில் டார்கெட் என்ற கடைச் சங்கிலிமேல் பார்வையற்றோர் கூட்டமைப்பு வழக்குப் போட்டது. அவர்கள் சொன்ன குறைகளில் ஒன்று, மவுஸ் இல்லாமல் பொருள் வாங்கி முடிக்க முடியவில்லை என்பது. 2008-இல் 60 லட்சம் டாலர் ஒதுக்கிச் சமரசம் செய்தார்கள்.

* * *

நம் டெல்லிக்கு வருவோம். மாற்றுத்திறனாளிகளுக்கான தலைமை ஆணையர் 2005-இல் ஒரு உத்தரவு போட்டார். அதைத் தொடர்ந்து ரிசர்வ் வங்கி 2008 ஜூனில், பார்வையற்றவர்களுக்குச் செக் புத்தகம், ஏ.டி.எம்., லாக்கர், நெட் பேங்கிங் எதையும் மறுக்கக் கூடாது என்று சுற்றறிக்கை அனுப்பியது. அதைக் கிளையில் படித்துக் கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருவன். நெட் பேங்கிங் கொடு என்றது சுற்றறிக்கை. கொடுத்தோம். பக்கத்தில் பொத்தான் திறக்கிறதா என்று யாரும் பார்க்கவில்லை.

2009-இல் அரசு இணையதளங்களுக்கான வழிகாட்டு நெறிகளை தேசியத் தகவலியல் மையம் தயாரித்தது. 2016-இல் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்தது. 2024 நவம்பர் 8 அன்று ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம், அணுகல் விதிகள் வெறும் ஆலோசனையாக இருப்பது சட்டத்துக்கே முரண், கட்டாய விதிகளாக எழுதுங்கள் என்றது. 2025 ஏப்ரல் 30 அன்று இன்னொரு தீர்ப்பு. ஆசிட் வீச்சில் பாதிக்கப்பட்ட பிரக்யா பிரசூன், வங்கிக் கணக்குத் தொடங்கப் போனபோது கேமரா முன் கண் இமைக்கச் சொன்னார்கள். அவரால் இமைக்க முடியாது. பார்வையற்ற வழக்கறிஞர் அமர் ஜெயினின் மனுவும் இதோடு சேர்ந்தது. நீதிபதிகள் பர்திவாலாவும் நம் ஊர் ஆர். மகாதேவனும் அடங்கிய அமர்வு, டிஜிட்டல் வசதிகளை அணுகுவது அரசியல் சாசனத்தின் 21-வது பிரிவு தரும் வாழும் உரிமையின் பகுதி என்று சொல்லி 20 உத்தரவுகள் போட்டது. வழக்குக்குக் காரணமே வங்கிக் கணக்கு என்பதால், நான் அந்தத் தீர்ப்பைத் தலை குனிந்துதான் படித்தேன்.

சரி, அந்த நான்கு தலைப்புகள் எப்படி இருந்திருக்க வேண்டும்? இதற்கும் ஒரு முறை எழுதப்பட்டிருக்கிறது. 2005-இல் ஐ.பி.எம். ஆட்களும் ஃபயர்பாக்ஸ் ஆட்களும் சேர்ந்து தொடங்கி, 2014-இல் தரநிலையான ஏரியா என்ற விதித்தொகுப்பில் அதற்கு வழி இருக்கிறது. டேப் கீயை அடித்தால் தலைப்பு வரிசைக்குள் நுழைய வேண்டும், அதுவும் இப்போது திறந்திருக்கும் தலைப்பின்மேல். அங்கிருந்து இடது, வலது அம்புக்குறியால் மற்றத் தலைப்புகளுக்கு நகரலாம். மறுபடி டேப் அடித்தால் வரிசையை விட்டு உள்ளே இருக்கும் விவரத்துக்குப் போய்விட வேண்டும். இல்லாவிட்டால் பத்துத் தலைப்பு இருக்கும் பக்கத்தில் பத்து முறை டேப் அடித்துத் தாண்ட வேண்டும். பொத்தான் என்றால் என்டருக்கும் திறக்க வேண்டும், ஸ்பேஸுக்கும் திறக்க வேண்டும். படிக்கும் மென்பொருள், "கல்வி, டேப், நான்கில் இரண்டு" என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். முறையாக எழுதினால் கூடுதல் செலவும் பெரிதாக இல்லை.

பாய் சாப்போடு நானும் உட்கார்ந்து, எந்தத் திரையில் எந்தப் பொத்தான் எட்டவில்லை என்று நான்கு பக்கத்துக்குப் பட்டியல் எழுதி மேலே அனுப்பினோம். ஒன்றரை வருடம் கழித்து வந்த அடுத்த பதிப்பில் பாதி சரியாகியிருந்தது. டெபாசிட் சீட்டுக்குத் திரும்பினார். ஒரு வேடிக்கை, "கீபோர்டில் ஓடுதே!" என்று அதிகம் சந்தோஷப்பட்டவர்கள் பழைய கிளார்க்குகள்தான். பாய் சாப் ஓய்வு பெற்று இப்போது பாட்னாவில் இருக்கிறார். என்மேல் அவருக்குக் கோபம் இருந்ததே இல்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

டெல்லிவாசிகளுக்கு லால் பகதூர் சாஸ்திரி மார்க்கில் தீபாவளி சமயம் நடக்கும் ப்ளைண்ட் ஸ்கூல் மேளா தெரிந்திருக்கும். நாங்களும் வருடா வருடம் போய் மெழுகுவர்த்தி வாங்குவோம். வாங்குங்கள், நல்ல விஷயம். ஆனால் வாங்கிவிட்டு வந்து நம் ஆபீஸ் பக்கத்தில் சுவரில் கதவு வரைந்தால் என்ன பிரயோஜனம்? கீபோர்ட் வழி என்பது நாம் அவர்களுக்குப் போடும் பிச்சை இல்லை. டைப்ரைட்டர் காலத்திலிருந்து நாம் எல்லோரும் நடந்த பாதை. மவுஸ் வந்த பிறகு நாம்தான் அதைப் பாதியில் அடைத்தோம்.

ஊரில் அப்பாவுக்கு 78 வயது. கை நடுக்கம். மவுஸ் பிடித்தால் அம்புக்குறி திரை முழுக்கக் கரகம் ஆடும். பென்ஷன் விஷயமாக ஏதாவது பார்க்க வேண்டுமென்றால் போனில் நான் சொல்லச் சொல்லச் செய்வார். முன்பெல்லாம், "மேலே வலது பக்கம் நீலப் பட்டன் இருக்கு பாருங்கப்பா", "எந்த நீலம்டா?" என்று அரை மணி நேரம் போகும். இப்போது, "மூணு தடவை டேப் அடிங்கப்பா, அப்புறம் என்டர்" என்பேன். ஒழுங்காக எழுதிய பக்கமென்றால் நிமிடத்தில் முடிந்துவிடும். இரண்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி இருக்கும் நமக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்கே தெரியும்.

ஒரு சின்ன வீட்டுப்பாடம். உங்கள் ஆபீஸ் பக்கத்தையோ, பிள்ளைகளின் ஸ்கூல் பக்கத்தையோ திறந்து, மவுஸைக் கவிழ்த்து வைத்துவிட்டு டேப் அடித்துப் பாருங்கள். எங்கே நிற்கிறீர்கள் என்று தெரிகிறதா? எல்லாப் பொத்தானிலும் நிற்கிறதா? நுழைந்த இடத்திலிருந்து வெளியே வர முடிகிறதா? இல்லையென்றால் சம்பந்தப்பட்டவர்களுக்கு நான்கு வரி எழுதிப் போடுங்கள். மென்பொருள் எழுதுகிற நண்பர்கள் இன்னும் ஒரு படி போகலாம். மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற ஆஸ்திரேலிய இளைஞர் 2006-இல் எழுதத் தொடங்கிய என்.வி.டி.ஏ. என்ற படிக்கும் மென்பொருள் இலவசம், தமிழும் படிக்கும். அதைப் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு உங்கள் பக்கத்தை ஒரு முறை கேளுங்கள்.

மகளின் விண்ணப்பப் பக்கத்துக்கு நான் எழுதிப் போட்டுவிட்டேன். பதில் இன்னும் வரவில்லை. புது மவுஸ் வாங்கியாகிவிட்டது. ஆனால் அவள் இப்போது டேப் அடித்துத்தான் ஆரம்பிக்கிறாள், எங்கே கதவு, எங்கே சுவர் என்று பார்க்க.